மூன்று கலயம் சுண்ணாம்பு

பினாங்கு, 1901

புதன்கிழமை மூன்று கலயம் கரைத்தேன்.
கிளிஞ்சல் சுண்ணாம்பு, புல்லில் ஒட்டிக்கொள்ளக்
கொஞ்சம் புளித்த கஞ்சி.
சனிக்கிழமை கோப்பை ஆட்டம்,
கோட்டைச் சிப்பாய்களும் துறைமுகக் குமாஸ்தாக்களும்.
கோட்டை இழுப்பதுதான் என் வேலை,
கோட்டைக்குள் நுழைவதல்ல.

கயிற்றைப் பிடித்துக் குனிந்து
பின்வாங்கிப் பின்வாங்கிக்
கடலோரப் பக்கம் முடித்து நிமிர்ந்தால்
உச்சியிலிருந்த கொடி
யாரோ கீழிருந்து கூப்பிட்டதுபோல
பாதி வழி இறங்கி நின்றது.

தந்தி ஆபீஸ் சவரிராயன் ஓடிவந்தான்.
"மகாராணி போயிட்டாங்க."
"எங்கே?" என்றேன்.
மேலே காட்டினான்.
"அப்போ ஆட்டம்?"
"எல்லாம் நிறுத்தம். துரை உத்தரவு."

ஆட்டம் நடந்தால்தான் எனக்கு இருபது காசு.
இதை அவனிடம் சொல்லவில்லை.
துக்க வீட்டில் கூலி பேசக் கூடாது,
வீடு ஏழு கடல் தள்ளி இருந்தாலும்.

சூலியா தெருவில் நெய்னா மரைக்காயர் கடையில்
மத்தியானத்துக்குள் கறுப்புத் துணி தீர்ந்தது.
பிறகு நீலத்தை இரண்டு தடவை சாயத்தில் முக்கி
முழம் போட்டார்.
"வேர்த்தா துக்கம் கையில ஒட்டும் பாத்துக்கோ"
என்றான் சவரிராயன்.

அந்த வாரமே
சூளையிலிருந்து எனக்குச் சுண்ணாம்பு ஏற்றிவரும்
வேலாண்டி பேதியில் போனான்.
வியாழன் ராத்திரி. வெள்ளி காலை மண்.
சனிக்கிழமை அவன் மாடுகள் இரண்டும்
அறுத்துக்கொண்டு, பழகிய வழியே,
வண்டியில்லாமல் திடலுக்கு வந்துவிட்டன.
ஆட்டம் நடக்க வேண்டிய அதே நேரம்.
நடுவட்டத்தில் நின்று சுற்றிலும் பார்த்தன.
என் கோட்டை மிதித்து அழித்தவை அவைதான்.
நான் விரட்டவில்லை.

பூசத்துக்கு மேளம் உண்டா, கூடாதா
என்று மூன்று நாள் தெருவெல்லாம் பேச்சு.
நான் அதில் கலந்துகொள்ளவில்லை.
கலயத்தின் அடியில் சுண்ணாம்பு
காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் சவரிராயன் சொன்னான்:
"சீமையிலயும் கோப்பை ஆட்டம் நின்னுபோச்சாம்.
முதல் சுற்று மொத்தமும். ஊர் ஊரா."
சில ஊர்ப்பெயர் சொன்னான்.
ஒன்றும் என் வாயில் நிற்கவில்லை.

ஆனால் ஒருவன் நின்றான்.
பெயர் தெரியாத ஊரில், முகம் தெரியாத ஒருவன்.
பனியைப் பெருக்கித் தள்ளிவிட்டு
வாளியோடு குனிந்திருந்தவனிடம்
யாரோ ஓடிவந்து சொல்லியிருப்பார்கள்.
அவனும் "அப்போ ஆட்டம்?" என்று கேட்டிருப்பான்.
அவன் பாஷையில் அது எப்படியோ.

"அவனுக்கு எத்தனை காசு,
நின்ன ஆட்டத்துக்குக் கொடுப்பாங்களா,
தந்தியில கேட்டுச் சொல்லேன்" என்றேன்.
சவரிராயன் சிரித்தான்.
"ஒரு சொல்லுக்கு உன் பத்து ஆட்டம் போகும்.
மகாராணி செத்ததே
ரெண்டு மூணு சொல்லுலதான் வந்துச்சு."

மாசி பிறக்குமுன் ஒரு சனிக்கிழமை
கொடி உச்சிக்குப் போயிருந்தது.
மறுபடி கரைத்தேன். இந்தத் தடவை இரண்டு கலயம்,
மூன்றாவதுக்குச் சுண்ணாம்பு ஏற்றிவர ஆளில்லை.
மூலைகளைக் கொஞ்சம் மெலிதாக விட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை.

இருபத்திரண்டு புஜத்திலும் கறுப்புப் பட்டி.
அரைமணி ஓடியதும் சாயம் இறங்கியது.
குமாஸ்தாக்களின் வெள்ளைக் கையெல்லாம்
முழங்கைவரை நீலம்.
யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள்.
நான் அவர்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
என் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதா என்று.

செக்ரட்டரி இருபது காசு கொடுத்தார்.
"முதல் தடவை போட்டதுக்கு?"
என்னை ஒருமுறை பார்த்தார்,
நான் பிணத்தின் மேலிருந்து
பூ எடுத்தவன்போல.

தந்தி ஆபீஸ் சுவரில் இரண்டு கடிகாரம்.
ஒன்று நமக்கு, ஒன்று சீமைக்கு.
எட்டிப் பார்த்தேன். இங்கே விளக்கு வைக்கும் நேரம்,
அங்கே காலை பதினொன்றாகவில்லை.
அங்கேயும் இன்றைக்குத்தான் ஆட்டமாம்.

இப்போது
வாளியைக் கலக்கிக்கொண்டிருப்பான்.