அறுபது லிட்டர்

செவெரின் கொண்டுவந்த சீட்டில்
பதினோரு பெயர்கள்.
லுப்லினில் முப்பத்தோரு வருடம் டிராலிபஸ் ஓட்டியவர்.
கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறார்,
இரண்டு முறையும் மழையில்.

தொட்டி எத்தனை லிட்டர்?
அறுபது.
நான் பேனாவைத் தேடினேன்.

நீல டாங். அடித்தேன்.
அதற்கு நீந்த ஒரு தெரு வேண்டும்,
உங்களிடம் இருப்பது மாடிப்படித் திருப்பம்.
மாண்டரின். அடித்தேன்.
நாள் முழுக்கக் கல்லில் பொடிப்பூச்சி பொறுக்கும் மீன்;
ஒரே மாதத்தில் உங்கள் கல் காலியாகிவிடும்,
பிறகு உங்கள் கண்ணெதிரே
அத்தனை அழகும் வயிறு ஒட்டிப்போகும்.
பருந்து மீனையும் இறாலையும்
ஒரே வரியில் எழுதியிருந்தார், நல்ல கையெழுத்தில்.
ஒன்று மற்றதன் இரவுச் சாப்பாடு என்றேன்.

"என் வண்டியில் நூற்றிருபது பேரை ஏற்றியிருக்கிறேன், தெரியுமா?"

"அவர்கள் இறங்கினார்கள்."

கம்பளித் தொப்பியைக் கழற்றி
கணப்பின் மேல் வைத்தார்.
பனி உருகி அதில் ஆவி எழுந்தது.
சீக்கிரம் போகமாட்டார் என்று தெரிந்தது.

ஆறு கோட்டு ராஸ் பற்றிச் சொன்னேன்:
முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தனக்கென்று நினைக்கும்,
பின்னால் வருகிறவனை மூலையில் வைத்தே தீர்த்துவிடும்.
அவர் உடனே நிமிர்ந்தார்.
"டிப்போவிலேயே ஏறுகிற ஆள்!
பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு
கடைசி நிறுத்தம் வரை சன்னலைப் பார்ப்பான்.
அவனைக் கடைசியில்தான் ஏற்றவேண்டும்."
யோசித்து,
"ஏற்றாமலே விடலாம்."
அந்தப் பெயரை அவரே அடித்தார்.

மிஞ்சியது
ஒரு மஞ்சள் கோபி,
ஒரு துப்பாக்கி இறால்.
எல்லாம் அடங்கிய பிறகு, பார்க்கலாம்,
கோமாளி மீன் ஒரு ஜோடி.

இந்த இருவரைப் பற்றி
விற்பதற்கென்றே நான் வைத்திருக்கும் பேச்சு ஒன்று உண்டு.
அன்று அது வாயில் வரவில்லை.
இறாலுக்குக் கண் மங்கல், தோண்டும்.
மீனுக்குத் தோண்டத் தெரியாது, பார்க்கும்.
இறாலின் மீசை ஒன்று எப்போதும் மீன்மேல் இருக்கும்,
வால் வெடுக்கென்று துடித்தால்
இரண்டும் உள்ளே.

"நட்பா?"
"வாடகை என்று நினைக்கிறேன்."

மூடி போட்டுவைக்கச் சொன்னேன், கோபி துள்ளும்.
செம்பு கலந்த மருந்து எதுவும் வேண்டாம், இறால் தாங்காது.
தலையாட்டினார்,
கையுறைக்குள் விரல்விட்டு எண்ணியபடி.

பிப்ரவரியில், இரவு இரண்டு மணிக்கு, போன்.
கண்ணாடி விரிந்துவிட்டது!
படீரென்று கேட்டது, நானே கேட்டேன்!
வீட்டிலுள்ள துண்டையெல்லாம்
தரையில் விரித்து முழங்காலிட்டிருக்கிறாராம்.
ஈரம் உண்டா என்றேன்.
வெகுநேரம் தடவிப் பார்த்தார்.
இல்லை.
அது இறால்தான், ஐயா. கொடுக்கைச் சொடுக்குகிறது.
போனில் மூச்சு மட்டும்.
பிறகு, "இவ்வளவு சின்ன ஆளா?"

மார்ச்சில் தீப்பெட்டியோடு வந்தார்.
கல்லாவில் வைத்தார், திறக்கவில்லை.
கோட்டின் மேல் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.
நானே திறந்தேன்.
கொடுக்கு, மீசை, காலெல்லாம் இருந்தன.
கண் இருந்த இடத்தில் கண்ணாடிக் குமிழ் இரண்டு.
முதுகில் ஒரு கீறல், ஊதினால் பறக்கும்.

"சாகவில்லை," என்றேன். "சட்டை உரித்திருக்கிறது."

தீப்பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துக்
குனிந்து பார்த்தார், டிக்கெட் பார்ப்பதுபோல.
"அதனால்தானா,
முந்தாநாளிலிருந்து கோபி வாசலைவிட்டு நகரவில்லை?
போட்ட தீனிக்குக்கூட வரவில்லை."

எனக்குத் தெரியாது.
கோபிகள் அப்படி நிற்குமா, அல்லது
அதற்கும் ஏதோ பயமா,
என் புத்தகங்களில் அந்தப் பக்கம் இல்லை.
புதுத் தோல் இறுகச் சில நாள் ஆகும் என்று மட்டும் சொன்னேன்.

கோமாளி ஜோடி அன்று வந்திருந்தது,
நல்ல சுறுசுறுப்பு, அவருக்கென்றே ஒதுக்கியிருந்தேன்.
காட்டினேன்.
ஒரு நிமிடம் அவற்றோடு தலையை ஆட்டினார்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"இந்த வாரம் வேண்டாம்," என்றார்,
தீப்பெட்டியை உள்பையில் போட்டுக்கொண்டு.
"உள்ளே ஆள் உடைமாற்றுகிறது."