பதினேழரை

புனலூர்க் கடையில் பில் போட்ட பையன்
'பூட்டு – 1' என்று எழுதியிருந்தான்.
ரேக் பூட் என்றுதான் கேட்டேன்.
பூட்டத்தானே வாங்குகிறோம், இருக்கட்டும்.
இருநூற்றி எண்பது. கிளிப்புக்குத் தனிக் காசு.

ஞாயிறு. மாவு ஆட்டாத நாள்.
புளியரையில் சாரல்
கழுவிய கையை யாரோ உதறுவதுபோல்
விட்டு விட்டு விழுகிறது.
வாசலில் சாய்வில்லாத ஒரே இடத்தில் ஆம்னியை நிறுத்தி
பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து
ஜாக்கி ஏற்றி, அதையும் நம்பாமல்
பழைய மீட்டர்கேஜ் கட்டை ஒன்றை அடியில் தள்ளினேன்.
ரயிலைத் தாங்கியது,
இட்லி மாவு வண்டியைத் தாங்காதா.

சுகதன் படியில் உட்கார்ந்திருந்தான்.
வியாழனிலிருந்து பேச்சில்லை.
"வித்துரலாம்" என்றான் அன்றைக்கு, ஒரே வார்த்தை.
நான் திருப்பிச் சொன்னவை ஒரு வார்த்தை இல்லை.

சக்கரத்தைக் கழற்றிப் படுத்துப் பார்த்தால்
மடிப்பு மடிப்பாய்க் கறுத்த ரப்பர்,
பட்டறைத் துருத்தியின் குட்டி.
மூன்றாவது மடிப்பில் கிழிந்து
வாய் பிளந்து கிடந்தது.
ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம்
அந்த வாய் ஒருமுறை மூச்சு வாங்கியிருக்கிறது.
எஸ் வளைவில் எனக்கு முன்னால் ஊர்ந்துபோகும் லாரிகள்
மலையைப் பொடித்துக் கேரளத்துக்குக் கொண்டுபோகிறவை.
சிந்தியதில் என் பங்கை
இதற்குள் சேர்த்துவைத்திருக்கின்றன:
கிரீஸும் மணலும் குழைந்து
விரலில் நறநறவென்று.

பின்னை நேராக்கி உருவி, நட்டை எடுத்து
நக்கிளின் கன்னத்தில் சுத்தியலால் இரண்டு.
அசையவில்லை.
மூன்றாவது அடி கொஞ்சம்
வியாழக்கிழமைக்கும் சேர்த்து.
டொக்கென்று விட்டது.

இனிமேல்தான் கவனம்.
டை ராடு எண்டைத் திருகி எடுக்கும்போது
எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும்.
மாட்டும்போது அதே எண்ணிக்கை.
பிசகினால் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும்,
டயர் ஓரம் தேயும்.

ஒண்ணு. ரெண்டு.
ஆறில் ஒரு லாரி
ரோட்டிலிருந்து ஹாரனை ஊதிக்கொண்டே போனது.
ஆறா, ஐந்தா?
கை நின்றுவிட்டது.

"ஏழாச்சு" என்றான் படியிலிருந்து.

யாரும் கேட்கவில்லை அவனை.
திருகினேன். எட்டு என்றான்.
ஒம்பது என்றேன், அவனும் ஒம்பது.
அவன் ஆரியங்காவுக்காரன்
கோபம் வந்தால் மலையாளம்தான்,
அதில் பாதி எனக்கு இன்னும் பிடிபடாது.
பத்துக்கு அங்கேயும் பத்துதான்.

கடைசியில் எண்டு கழன்று உள்ளங்கையில் விழுந்தது.
"பதினேழு" என்றேன்.
"பதினேழர."
"அது விழுந்தது. சுத்து இல்ல."
"விழறதுக்கு முன்ன அரை சுத்து சுத்திச்சு. நான் பார்த்தேன்."
கரித்துண்டால் கட்டையில் 17 எழுதினேன்.
அவன் இறங்கி வந்து, குனிந்து,
பக்கத்தில் ½ போட்டுவிட்டுப்
பேட்டரி லைட்டை எடுத்துப் பிடித்தான்.

பழையதை உரித்தேன்.
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் புதுக் கிரீஸ் பூசி
பூட்டை முறுக்கில்லாமல் ஏற்றினேன்.
பெரிய பக்கத்துக் கிளிப் மட்டும் மூன்றுமுறை வழுக்கியது.
நான்காவது முறை
அவன் கட்டைவிரல் அழுத்த, நான் இடுக்கியால் முறுக்கினேன்.
நகத்தில் பட்டிருக்கும். சத்தமில்லை.

எதிர்ச் சுற்றில் எண்ணியவன் அவன்தான்.
பதினேழில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தேன்.
லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அரையும் போட்டேன்.

கோட்டைவாசல் வரை ஓட்டிப் பார்த்தோம்.
வளைவுகளில் கடகட இல்லை.
நேர் ரோட்டில் கையை விட்டேன்,
வண்டி நேராகப் போனது.
ஸ்டியரிங்தான்
ஒரு விரற்கடை சாய்ந்து நின்றது.
அரையினாலா, அரை இல்லாவிட்டால் இன்னும் சாய்ந்திருக்குமா,
தென்காசி மெஷின்தான் சொல்லணும்.

"நாளைக்கு அலைன்மென்ட் பாக்கணும்" என்றேன்.
"திங்கக்கிழமை கூட்டமா இருக்கும்,
செவ்வாய் போகலாம்."
போகலாம் என்றான்.

வண்டியைத் திருப்பினேன்.
அரிசி ஊறப்போட
நேரமாகியிருந்தது.