வாஷர்

பிரசங்கம் எனக்கு வராது.
ரென்ச் பிடிக்க வரும்.
வந்த அன்றே சொல்லிவிட்டேன், பாஸ்டர் கும்வெண்டாவிடம்.
"கர்த்தருக்கு இரண்டும் வேண்டும்" என்றவர்
முதலில் கக்கூஸைத்தான் காட்டினார்.

ம்சூசு மலைச்சரிவில் நாற்பத்தொரு பிள்ளைகள்,
ஒரு தொட்டி, அதில் ஒரே குழாய்.
திங்களன்று சரிசெய்தேன்.
புதனன்று மறுபடி ஒழுகியது.
வெள்ளியும்.
ஃப்ரீஸ்லாந்தில் முப்பது வருஷம் குழாய் பார்த்தவன்,
என் கைமேலேயே சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை, மக்காச்சோளக் கஞ்சி வரிசையில்
தவோங்காவின் கழுத்தைப் பார்த்தேன்.
சணல் கயிற்றில் கோத்து
என் மூன்று ரப்பர் வாஷர்.

ஏழு வயது. ஓடவில்லை.
"குழாய் நன்றானால் நீ போய்விடுவாய்."
போனமுறை வந்தவர்கள் கூரை போட்டார்களாம்.
கூரை முடிந்தது, போனார்கள்.
மழை பெய்தால் அந்தக் கூரையை
இன்னும் திட்டுகிறாள்.

எனக்கு டிக்கெட் இருபத்திரண்டாம் தேதி.
அதைச் சொல்ல என் தும்புகா போதாது.
தாய்மொழியும்தான்.

"ஒன்று மட்டும் கொடு" என்றேன்,
குடிக்கத் தண்ணீர் வேண்டுமே.

நெடுநேரம் யோசித்தாள்.
மூன்றையும் நசுக்கி நசுக்கிப் பார்த்து
இருப்பதிலேயே நைந்ததைக்
கழற்றித் தந்தாள்.