பாதை எண் பதினேழு

கம்ப்ரியாவில்
நாங்கள் வாங்கிய புதுவீட்டின்
சமையலறை வழியாகப்
பொதுப்பாதை ஒன்று போகிறதாம்.
கட்டி விற்றவர் மூச்சுவிடவில்லை.
பத்திரத்திலும் இல்லை.
சொன்னவள் எனிட் திரெல்கெல்ட்,
ஞாயிறு காலை, சொட்டும் மழைச்சட்டையோடு,
மடிப்புகளில் கிழிந்த வரைபடத்தை நீட்டி.

"வருஷத்துக்கு ஒருதரம் கால்படாவிட்டால்
செத்துப்போகும்" என்றாள்,
பாதையைத்தான்.

வக்கீலைக் கூப்பிடு என்றான் கிளைவ்.
நான் கதவை அகலத் திறந்தேன்.

அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே
பதினோரு எட்டு.
நாய் மட்டும் நின்று
சிந்திய பாலை நக்கிவிட்டுப் போயிற்று.

பின்வேலியில்
ஒரு படி வைக்கச் சொன்னாள்,
முட்டி வலிக்கிறதாம்.

புதன்கிழமை ஆகிவிட்டது.
சேற்றுத் தடங்களை இன்னும் துடைக்கவில்லை.
விற்கும்போது
இதைச் சொல்லியாக வேண்டுமா
என்று கேட்கிறான் கிளைவ்,
அவற்றை மிதிக்காமல்
சுற்றிக்கொண்டு போய்.