இறுதிப் பயன்பாடு

படிவத்தில் ஒன்பதாவது கட்டம்:
இறுதிப் பயன்பாடு.
பால் பண்ணை இயந்திரம் என்று
எழுதி அனுப்பியிருக்கிறார் வாங்குகிறவர்.

நானும் பால் கறந்தவள்தான்.
பாகலூரில் இரண்டு மாடு, சொசைட்டி பாஸ்புத்தகம்.
எந்தப் பாலும் இதுவரை கேட்டதில்லை
மூன்று மைக்ரானுக்குள் நிற்கும் உருளையை.

ஓசூர் சிப்காட், இரண்டாம் ஷிப்ட்.
நான்காம் நம்பர் மிஷினில்
நீலம் பாய்ந்து சுருள்சுருளாய் விழுகிறது எஃகு.
அந்த எஃகுக்கு அரசுப் பட்டியலில்
தனியாக ஒரு வரி உண்டு.
அனுமதியில்லாமல் கடல் தாண்டக் கூடாது.

விலாசத்தைத் தேடிப் பார்த்தேன்.
மாடியில் ஒற்றை அறை, கீழே அத்தர்க் கடை.
போன ஆடியில் வேறொரு பெயரில்
இதே அறை இதே உருளையைக் கேட்டது,
அப்போது நூற்பாலைக்கு.
இரண்டு கடிதத்திலும் ஒரே எழுத்துப்பிழை.

திம்மராயப்பா கெட்டவரில்லை.
புது மிஷினுக்கு மாதம் நாலு லட்சம் தவணை.
"நாம உருளை விக்கிறோம் சைலஜா,
அத அவன் எங்க சொருகினா நமக்கென்ன?"
கேட்டுவிட்டு
மேசைக் கண்ணாடிக்கடியில் இருந்த
மகளின் ஃபோட்டோவை நேராக்கினார்.
அது நேராகத்தான் இருந்தது.

கேட்டுக்கு வெளியே
பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போகும் ரோஜா லாரி.
தளியில் லென்ஸ் வைத்துப் பார்த்து
பூச்சியில்லை என்று முத்திரை குத்திய பெட்டிகள்.
ஒரே ஓர் அசுவினி இருந்தாலும்
மொத்தமும் திரும்பி வரும்.

கையெழுத்துப் போடவில்லை.
இரண்டு கடிதங்களையும் ஸ்கேன் செய்து
டில்லிக்கு அனுப்பினேன்.
தங்கள் கடிதம் கிடைத்தது என்று
ஓர் இயந்திரம் பதில் சொன்னது.

பதினோரு நாள் கழித்து, வியாழக்கிழமை,
சுங்கத்திலிருந்து ஒருவர் வந்தார்.
சர்க்கரை இல்லாத டீ.
என் மைக்ரோமீட்டரை வாங்கி
தானே ஒருமுறை அளந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டிகள் மேல் சிவப்பு டேப் ஒட்டினார்.

நான்காம் நம்பர் நின்றுவிட்டது.
"மேடம், அடுத்த பீஸ்?" என்கிறான்
ஒடிசாவிலிருந்து வந்த ஜோகேந்திரா.
அவனுக்குப் பீஸ் கணக்கில்தான் கூலி.
திம்மராயப்பா என்னோடு பேசி
நான்கு நாளாகிறது.

பெரிதாக எதையோ தடுத்துவிட்டேன் என்று
தோன்றவில்லை. தூக்கமும் வரவில்லை.
ராஜ்கோட்டிலோ கோவையிலோ
ஏதோ ஒரு மேசையில்
அதே எழுத்துப்பிழையோடு அந்தக் கடிதம்
இந்நேரம் திறந்திருக்கும்.

அங்கேயும் ஒருத்தி
பால் கறந்தவளாக இருக்க வேண்டும்.