ஆளில்லாத திசை

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி: காரணம்.
தற்பாதுகாப்பு என்று எழுதினேன்.
"யாரிடமிருந்து?" என்றார் மேசைக்கு அப்பால் இருந்தவர்.
சிங்களத்தில்தான், மரியாதையாகத்தான்.
செட்டியார் தெருவில் அடகுக்கடை,
வைகாசியில் கூரையைப் பிரித்து இறங்கினவர்கள்,
ஜெபநேசன் தலையில் ஏழு தையல்.
முறைப்பாட்டின் பிரதியை நீட்டினேன்.
யாரிடமிருந்து என்பதற்கு
அதில் பெயர் இல்லை.

தொண்ணூற்றேழில் இதே நகரத்தில்
கைப்பையில் கிடந்த நகவெட்டிக்கு
ஒன்றரை மணித்தியாலம் விளக்கம் சொன்னவள் நான்.
அந்த மணல்மூட்டை நின்ற இடத்தில்
இப்போது கண்ணாடிக்கடை.
இன்றைக்கு வெள்ளைத் துணியில் மூன்றைப் பரப்பி
"எது பிடிக்குது மிஸ்?" என்கிறார் விமலசேன,
ஓய்வுபெற்ற கோப்ரல், என்னைவிட ஆறு வயது இளையவர்.
கூறைச்சேலை காட்டுகிற மாதிரி.

மூன்றுக்கும் வாய் ஒரே அளவு,
ஒன்பது மில்லிமீற்றர்.
என் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்தேன்,
மூடியது.

முதலாவது சின்னது. பொம்பிளைக் கைக்கு என்றார்கள்.
சுட்டதும் கெண்டைமீன் போலத் துள்ளி
மணிக்கட்டை வெட்டி இழுத்தது.
"லேசானதுதான் மிஸ் உதைக்கும்,
கனமானது தன் உதையைத் தானே விழுங்கும்."
இரண்டாவது பிளாஸ்டிக் உடம்பு; நல்லது, எல்லாரும் வாங்குவது.
மேல்தகட்டை இழுக்க என் வாதக்கைக்கு ஏலவில்லை.
மூன்றாவது இரும்பு.
எங்கள் கடைத் தராசின் பெரிய படிக்கல்
கையில் உட்காருவது போல உட்கார்ந்தது.
பெருவிரலைப் பேனாமுனையால் தள்ளிவைத்தார்,
தொடாமல்.
பத்தில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள்.
வெட்கமாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

மேசையில் கிடந்த துண்டை வாசித்து
"ரவை ஐம்பது. சொஜ்ஜிக்கா?" என்றார் யோகன்.
சிரித்து முடிக்க நெடுநேரமாயிற்று.

விமலசேன சொன்னதில் ஒன்று மட்டும் வீடு வரை வந்தது:
இலக்கைப் பார்க்கிறதுக்கு முதல்
இலக்குக்குப் பின்னால் என்ன எண்டு பாருங்க.
அங்கே பின்னால் மண்மேடு.
இங்கே வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
இரவு தையல் நாடாவின் ஒரு நுனியை யோகன் பிடிக்க
கட்டிலிலிருந்து கதவுக்கு நாலு மீற்றர் இருபது.
கதவுக்கு அப்பால் நடைவழி,
அதற்கும் அப்பால் ஷிஃபானாவின் வீடு,
அந்தச் சுவரை ஒட்டித்தான் அய்மனின் கட்டில்.
அவன் காலால் உதைத்தால் இங்கே கேட்கும்.
இடப்பக்கம் குளியலறை, ஒரு கல் மொத்தம்,
பிறகு காது கேளாத டயஸ்.
கீழே இரவுவேலை முடித்து உறங்கும் தாதிமார்.
மேலே போன மாதம் கலியாணம் முடித்தவர்கள்.
நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.
இந்த வீட்டில் ஆளில்லாத திசை ஒன்றுதான்,
மேற்கு. யன்னல். கடல்.
கள்ளன் கடலில் இருந்து வரமாட்டான்.
அப்போது ஒரு ரயில் போனது,
கடலுக்கும் எங்களுக்கும் நடுவால்,
வாசல்களில் ஆட்கள் தொங்க,
ஒருவன் கைபேசி வெளிச்சத்தில் முகத்தோடு.

மூன்றாவதையே எடுத்தேன்.
அது பயிற்சிக்கூடத்து இரும்பலுமாரியில் உறங்குகிறது.
சனிக்கிழமைகளில் போய் எழுப்புகிறேன்.
வீட்டுக்கதவுக்கு இரண்டாவது கொண்டி,
யன்னலுக்கு ஒன்றுமில்லை.

சவர்க்காரம் போட்டும் விரலில் ஒரு மணம் நிற்கும்.
நேற்று மருதானைப் பக்கத்துப் பெண் ஒருத்தி
தாலிக்கொடியைக் கழற்றித் தராசில் வைத்தாள்.
நான் படிக்கல்லை எடுக்க
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அசையாமல்,
நான் அதைக் கீழே வைக்கும்வரை.