பொன

தூர்க்கு நகரம். ஆற்றுக்கு முதுகு காட்டிய
சலூனில் அவளுக்கு மூன்றாம் நாள்.
நாற்காலியில் தெல்லெர்வோ,
முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள்,
கண்ணாடியைப் பார்த்தே சொல்கிறாள்:
"புனா. நல்ல அடர்த்தியாக, புனா."

ஓக்ஸ்யாவின் கத்தரி நின்றது.
எர்ஸ்யாக்காரி. சரான்ஸ்கிலிருந்து வந்தவள்.
ஃபின்னிஷ் இன்னும் வாயில் சுடும் உருளைக்கிழங்கு.
காதில் விழுந்தது அவளுக்குத் தெரிந்த 'பொன':
ஆட்டின் மேல் இருப்பது,
நாய் சோபாவில் விட்டுப் போவது,
கம்பளிக் காலுறை,
கணவனின் முதுகு.
தலையில் இருப்பது வேறு. அது செர்.
முடிக்கும் மயிருக்கும் எவ்வளவு தூரமோ
அவ்வளவு.
எழுபது வயதுக்காரி தன் தலையைத் தானே
மயிர் என்று வைதுகொண்டால்
மூன்று நாள் வேலைக்காரி என்ன சொல்ல?
"அப்படியெல்லாம் இல்லை, அழகாத்தான் இருக்கு."

தெல்லெர்வோ கைப்பையிலிருந்து
கையுறையை எடுத்து ஆட்டினாள்.
சிவப்பு.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில்
தடித்த அகராதி ஒன்று இரண்டையும்
ஒரே வேரில் கட்டிப் போட்டிருந்தது.
முதலில் மயிர்.
பிறகு மயிரின் நிறம்.
பிறகு மயிர் உதிர்ந்து
நிறம் மட்டும்.
எந்த விலங்கின் மயிர் என்று எழுதவில்லை.
நரி என்று அவளாகவே முடிவு செய்தாள்.

முறுக்குவதற்கும் ஏறத்தாழ அதே ஒலிதான்,
இரண்டு மொழியிலும்.
அது வேறு வேர் என்கிறது அகராதி.
தினம் எட்டுப் பின்னல் போடுகிற விரல்கள்
அதை ஒப்புக்கொள்ளவில்லை.
(எனக்கும் ஆசைதான், குழல் புனைகிற நம் 'புனை'யை
அந்தப் பந்தியில் உட்காரவைக்க.
ஒலி ஒத்தால் பங்காளி ஆகிவிட முடியுமா?)

செர் என்ன ஆனது என்று புரட்டினாள்.
மோக்ஷாக்காரர்களின் ஷையர் பக்கத்தில் நின்றது.
அதற்கு அப்பால் ஒரு கேள்விக்குறி,
சீப்பில் சிக்கிய ஒற்றை இழை போல.

அடுத்த மாதம் தெல்லெர்வோ வந்தாள்.
வேரில் நரை ஒரு விரற்கடை.
சாயம் பூசி, அலசி, நுனி வெட்டி,
பணம் வாங்கி, கதவு திறந்து விட்டு,
ஓக்ஸ்யா துடைப்பத்தை எடுத்தாள்.

தரையில் சிவப்புச் சுருள்கள்.
தலையில் இருந்தவரை செர்.
இப்போது?

அடுத்த வாடிக்கையாளர் இருமினார்.
அவள் இன்னும் கூட்டவில்லை.